நாற்பத்தேழு வினாடி

விளையாட்டில் தண்டவாளம் என்பது
தரையில் இழுத்த ஒரு கோடு.
அதற்குச் சத்தம் கிடையாது.
கண்ணுக்குத் தெரியாத முளைகளை
நான்தான் அதன்மேல் அடித்துக்கொண்டே போகிறேன்.
இங்கிருந்து பாலம்.
இங்கே பாதை பிரியும்.
எஞ்சின் முளையை மிதித்ததும் கோப்பு மாறும்,
சத்தம் மாறும். அவ்வளவுதான் வித்தை.

ஈரோட்டிலிருந்து கோவை, நூறு கிலோமீட்டர்.
பகலில் கணபதியில் கிரைண்டர் மோட்டாருக்குச் செம்பு சுற்றுகிறேன்.
இரவில், இருகூர் மாடியறையில், இது.

முதல் பதிப்பு படுமோசம்.
சோமனூர் அருகே பதிந்த இரண்டு வினாடித் துண்டை
முனையோடு முனை ஒட்டி ஓடவிட்டேன்.
வேகம் கூடினால் சுருதி கூடும்.
துண்டுக்குள் யாருடைய தறியோ புகுந்திருந்தது,
எனக்குத் தெரியாது.
முப்பதில் அது தூங்கி வழிந்தது.
நூறில் தறியே இல்லை, குளவி.

பிறகுதான் புரிந்தது:
இணைப்பின் சத்தத்தைக் கடிகாரத்திடம் கொடுக்கக்கூடாது,
தூரத்திடம் கொடுக்க வேண்டும்.
பதின்மூன்று மீட்டருக்கு ஒரு தண்டவாளம்,
முனையில் நகக்கன இடுக்கு.
ஒவ்வொரு சக்கரமும் தானே விழுந்து
தானே எழட்டும்.
தடக்தடக். மூச்சு. தடக்தடக்.

தாராபுரத்திலிருந்து நாச்சிமுத்து எழுதுவார்.
ரயிலே வராத ஊர்.
கூட்டுறவு வங்கியில் தொலைபேசி எடுப்பவர்.
'ஓடைப் பாலம் முடிஞ்சு ரெண்டு பெட்டி போன பொறவும்
பாலச் சத்தம் கேக்குதுங்க.'
போய்ப் பார்த்தால் முளை தள்ளித்தான் இருக்கும்.

ஒரு ஞாயிறு, பாசஞ்சரில்
ஜன்னல் கம்பியில் காதை வைத்துப் போனேன்.
தடக் இல்லை.
நெடுக்கப் பற்றவைத்திருக்கிறார்கள்.
சிக்னலுக்குச் சிக்னல் ஒரேயொரு இணைப்பு, அவ்வளவே.
அன்றிரவே திருத்தினேன், உள்ளது உள்ளபடி.
சத்தத்தைக் காணோம், காசைத் திருப்பு என்று
நாற்பது பேர் திட்டினார்கள்.
எனக்குப் பெருமைதான்.

நாச்சிமுத்து திட்டவில்லை.
'வஞ்சிபாளையத்துல சிவப்பைத் தாண்டிப் போட்டனுங்க.
மூணு வாட்டி.'

வேகம் திரையின் மூலையில் இருக்கிறதே, பார்க்கவில்லையா என்றேன்.

'பொறந்ததுல இருந்து பார்வை இல்லீங்க.
சிக்னலு நிறத்தை உதவி ஓட்டுநர் சொல்லிப்போடுறாரு,
வேகத்தை யாரும் சொல்றதில்ல.
நாப்பத்தேழு வினாடி எண்ணுவேன்.
எத்தனை தடக்கோ அத்தனை கிலோமீட்டர்.'

பட்டறையில் அட்டைப்பெட்டி மேல் போட்டுப் பார்த்தேன்.
பதின்மூன்று மீட்டர், நாற்பத்தேழு வினாடி.
கணக்கு அரை விழுக்காடுகூடத் தவறவில்லை.
அவருடைய வேகமானியை நான் கழற்றியிருக்கிறேன்.

பழையபடி வைத்துவிடுகிறேன் என்று எழுதினேன்.

'வேண்டாமுங்க, இல்லாததை வெக்காதீங்க.
ஒருக்கா ஈரோட்டுல இருந்து திருப்பூர் வரைக்கும்
கதவோரம் நின்னுட்டு வந்தேன்.
மின்கம்பம் ஒவ்வொண்ணும் காத்தை வெட்டுச்சு.
அதை எங்க உட்டுட்டீங்க?'

ஆயிரம் தடவை போன பாதை.
கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனவன்,
கேட்டதில்லை.

ஆடிக் காற்றில் ஒலிவாங்கி ஊதிப் போயிற்று.
ஐப்பசி வரை பொறுத்து
கைபேசிக்குக் காலுறை மாட்டிக் கதவில் நின்றேன்.
'செல்பி எடுத்துச் சாகாதே' என்று ஒருவர் சட்டையைப் பிடித்திழுத்தார்.
அவர் குரலும் பதிவில் இருந்தது. வெட்டிவிட்டேன்.
வப். வப். வப்.
ஆயிரத்தறுநூறு முளைகள்,
கம்பத்துக்கு ஒன்று,
நிஜத்தில் நிற்கும் இடைவெளியிலேயே.

தை மாதம் கடிதம் வந்தது.
'அறுபத்துமூணு மீட்டருன்னு வெச்சு எண்ணுறனுங்க.
சிவப்புல நின்னுட்டேன்.
ஒண்ணு கேக்கோணும்.
ஊத்துக்குளி தாண்டிக் கொஞ்ச தூரம்
கம்பமெல்லாம் கிட்டக்கிட்ட வருதே,
அங்க பாதை வளையுதுங்களா?'

வரைபடத்தைத் திறந்தேன்.
வளைகிறது.

எந்தப் பக்கம் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.
கேட்பார்.
அதற்கு என்ன சத்தம் வைப்பது?